எண்ணூர்க் கழியில் உலோகம்: தண்ணீரைச் சோதிப்பதா, சேற்றைச் சோதிப்பதா?

வடசென்னைவாசி:
எண்ணூர்க் கழியில் எடுத்த தண்ணீரின் ஆய்வறிக்கை ஒன்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. ஈயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றுக்கும் நேராக ‘பி.டி.எல்.’ என்று போட்டிருக்கிறது. அதாவது, கண்டறியும் வரம்புக்குக் கீழே. அப்படியானால் அனல்மின் நிலையச் சாம்பலால் கழி விஷமாகிவிட்டது என்பது மிகைதானே? சாம்பல் கண்ணில் படுவது வேறு, உலோகம் கலந்திருப்பது வேறு.

சேற்றுக்கால்:
பி.டி.எல். என்றால் பூஜ்யம் இல்லை சார். அந்த வரம்பு எவ்வளவு என்று அறிக்கையில் இருக்கிறதா? கடல் ஏறும் நேரத்தில் கழியில் லிட்டருக்கு 35 கிராம் வரை உப்பு இருக்கும். உலோகத்தை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவி சாதாரணமாகத் தாங்குவது லிட்டருக்குச் சுமார் 2 கிராம்தான். அதனால் லேபில் மாதிரியை இருபது மடங்கு நீர்க்க வைப்பார்கள்; வரம்பும் இருபது மடங்கு ஏறிவிடும். குடிநீரில் ஈயத்துக்கு அனுமதி லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். லேபின் வரம்பே அதற்கு மேலே நின்றால் ‘கண்டறியவில்லை’ என்பதற்கு என்ன மதிப்பு?
போதாக்குறைக்கு, ஈயம் தண்ணீரில் கரைந்து நிற்பதைவிட நுண்துகளில் ஒட்டிக்கொள்வதுதான் அதிகம். 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டினால் அது தாளிலேயே தங்கிவிடும். சேற்றை எடுங்கள்.

ஆய்வகத்தான்:
உப்பைப் பிரித்துவிட்டு அளக்கும் முறைகள் இருக்கின்றன, அதற்காகத் தண்ணீரையே கைவிட வேண்டியதில்லை. சேறு என்றதும் எல்லோரும் துள்ளுகிறீர்கள். களிமண்ணில் மணலைவிட உலோகம் இயற்கையாகவே கூடுதல். ஓரிடத்தில் களியையும் இன்னோரிடத்தில் மணலையும் அள்ளி ஒப்பிட்டால் அந்த எண் எதற்கும் உதவாது. 63 மைக்ரானுக்குக் கீழே சலிக்க வேண்டும், அல்லது களிமண் எவ்வளவு என்று காட்டும் அலுமினிய அளவால் வகுக்க வேண்டும்.
அப்புறம், நிலக்கரிச் சாம்பல் பெரும்பாலும் கண்ணாடி. காட்டமான அமிலத்தில் மொத்தமாகக் கரைத்து ‘இவ்வளவு ஈயம்’ என்றால், அது மீனுக்குப் போய்ச் சேரும் ஈயம் ஆகாது.

சேற்றுக்கால்:
கண்ணாடிக்குள் பூட்டியிருப்பது சரி. ஆனால் ஆர்சனிக், காட்மியம், ஈயம் எல்லாம் உலையில் ஆவியாகி, புகை குளிரும்போது சாம்பல் துகளின் மேற்பரப்பில் படிபவை. பூட்டுக்கு வெளியே இருக்கும் அந்தப் பங்கை வீரியம் குறைந்த அமிலத்தால் பிரித்து அளக்கலாம். அலுமினியத்தால் வகுப்பதும் எண்ணூரில் ஆபத்து. சாம்பலிலேயே அலுமினியம் ஏராளம். வகுத்தால் குற்றவாளியே மறைந்துவிடுவார்!

முகத்துவாரம்:
இரண்டு பேரும் லேபுக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். மாதிரி எடுத்தது கடல் ஏற்றத்திலா, வற்றத்திலா? ஏற்றத்தில் எடுத்தால் பாதி கடல் தண்ணீர். சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலை ஆற்றில் ஊற்றும் அன்றைக்கு எவரும் பாட்டிலோடு வருவதில்லை. மட்டியைச் சோதியுங்கள் அண்ணே, அது இரவும் பகலும் அங்கேயே கிடக்கிறது.

சேற்றுக்கால்:
இதற்கு முன்மாதிரியே இருக்கிறது. அமெரிக்கக் கடற்கரைகளில் 1976-இல் மட்டிகளை வைத்துத்தான் கண்காணிப்பைத் தொடங்கினார்கள்.

ஆய்வகத்தான்:
மட்டியின் அளவும் முட்டையிடும் பருவமும் எண்ணை மாற்றும். ஆளி (சிப்பி வகை) என்றால் சுத்தமான தண்ணீரிலும் துத்தநாகத்தைச் சேர்த்து வைக்கும். சேற்றுக்கு எந்த வரம்பைக் காட்டுவீர்கள்? கடல் சேற்றில் ஈயத்துக்குக் கனடாவின் வழிகாட்டி எண் கிலோவுக்கு 30.2 மில்லிகிராம். அமெரிக்காவில் புழங்கும் கீழ் எல்லை, அதாவது அதற்குக் கீழே உயிர்களுக்குப் பாதிப்பு அரிது என்று கொள்ளும் எண், 46.7. இடையில் 40 வந்தால் என்ன சொல்வீர்கள்?

சேற்றுக்கால்:
40 என்று சொல்வேன். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வருவதற்கு முன் படிந்த சேற்று அடுக்கில் எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுவேன்.

ஆய்வகத்தான்:
தூர்வாரிக் கலக்கிய கழியில் அந்த அடுக்கை எங்கே தேடுவீர்கள்?

சேற்றுக்கால்:
தூர்வாராத ஓரங்களில், அலையாத்தி மரங்களுக்கு அடியில்.

வடசென்னைவாசி:
அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். வரம்பு எண் இல்லை, மாதிரி எடுத்த நேரமும் இல்லை, வடிகட்டினார்களா என்றும் இல்லை. சரி, இதை வைத்துக் கழி சுத்தம் என்று சொல்ல முடியாது. கெட்டுவிட்டது என்பதற்கும் நீங்கள் இன்னும் ஓர் எண்கூடத் தரவில்லையே?