புது வெப்சைட் போட்ட பிறகு கூகுளில் கடை வரவே இல்லை, உதவி தேவை (ஆம்பூர்)

ஆம்பூர்_கடை:
எல்லாருக்கும் வணக்கம். ஆம்பூர்ல தோல் செருப்பு, ஷூ, பெல்ட், பர்ஸ் விக்கிற கடை. சில்லறையும் உண்டு, வேலூர், பெங்களூரு கடைகளுக்கு மொத்தமாவும் போகுது. பழைய சைட் சாதா பிஎச்பி, சுமார் 140 பொருள் பக்கம். ஆறு வாரம் முன்னாடி அதே டொமைன்ல வேர்ட்பிரஸ் (சைட் கட்டற மென்பொருள்), வூகாமர்ஸுக்கு (அதுல ஆன்லைன் கடை போடற பகுதி) மாத்தினோம். சைட் பார்க்க நல்லா இருக்கு, போன்லயும் சரியா திறக்குது. ஆனா சர்ச் கன்சோல்ல (சைட் கூகுள்ல எப்படி வருதுன்னு காட்டற கூகுளோட கருவி) ஒரு நாளைக்கு 50, 60 கிளிக் இருந்த இடத்துல இப்ப 3, 4 தான். கடைப் பேரைப் போட்டுத் தேடினாக்கூட பேஸ்புக் பக்கம்தான் வருது.

சைட் செஞ்சு கொடுத்தவர் "கன்டென்ட் பத்தலை, 200 பேக்லிங்க் (வேற சைட்ல இருந்து நம்ம சைட்டுக்கு வர்ற லிங்க்) போடணும், 15,000 ரூபாய் ஆகும்"ங்கறார். கொடுக்கலாமா? இல்ல வேற எங்கயாவது கோளாறா?

பாலாறு:
இப்போதைக்கு ஒத்த ரூபாய் கொடுக்காதீங்க சார். கடைப் பேருக்கே வரலைன்னா அது முன்ன பின்ன ரேங்க் சமாச்சாரம் இல்லை, கூகுள் பட்டியல்லயே உங்க பக்கம் இல்லைன்னு அர்த்தம். பட்டியல்ல இல்லாத பக்கத்துக்கு 200 லிங்க் போட்டு என்ன பிரயோஜனம்? அதுவும் ரேங்குக்காகக் காசு கொடுத்து லிங்க் வாங்கறது கூகுளோட ஸ்பேம் விதிக்கே எதிரானது.

கூகுள் முதல்ல பக்கத்தை வந்து படிக்கும், அப்புறம் பட்டியல்ல ஏத்தும், அதுக்கப்புறம்தான் வரிசை. நீங்க எந்தப் படியில நிக்கறீங்கன்னு பார்ப்போம். சர்ச் கன்சோல் மேல இருக்கிற பெட்டியில முகப்பு முகவரியைப் போட்டு "டெஸ்ட் லைவ் யுஆர்எல்" அழுத்துங்க. அதை அழுத்தாம விட்டா கூகுள் கடைசியா வந்துபோன நாளோட தகவலைத்தான் காட்டும், அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. அடுத்து இடது பக்கம் இண்டெக்சிங், பேஜஸ் திறந்து, கீழே இருக்கிற காரணங்களையும் எண்ணிக்கையையும் அப்படியே இங்க எழுதுங்க. ரோபோட்ஸ் டெக்ஸ்ட் கோப்புல (எங்க வரலாம், எங்க வரக்கூடாதுன்னு கூகுளுக்குச் சொல்ற கோப்பு) என்ன இருக்குன்னும் சொல்லுங்க.

ஆம்பூர்_கடை:
லைவ் டெஸ்ட்ல சிவப்பா வருது, "நோஇண்டெக்ஸ் குறி இருக்கு"ன்னு சொல்லுது. பேஜஸ்ல: நோஇண்டெக்ஸ் 104, நாட் ஃபவுண்ட் 404 ல 131, "க்ரால்டு, கரண்ட்லி நாட் இண்டெக்ஸ்டு" (கூகுள் படிச்சும் பட்டியல்ல ஏத்தாதது) 12. ரோபோட்ஸ் கோப்புல டபிள்யூபி அட்மினை மட்டும்தான் தடுத்திருக்கு.

பாலாறு:
ரெண்டு நோய் ஒண்ணா இருக்கு: நோஇண்டெக்ஸ் ("இதைப் பட்டியல்ல ஏத்தாதே"ன்னு கூகுளுக்குச் சொல்ற குறி), 404 ("பக்கம் இல்லை"ங்கற பதில்). நோஇண்டெக்ஸ் 104 முதல்ல.

வேர்ட்பிரஸ்ல செட்டிங்ஸ், ரீடிங் போங்க. கடைசியில "டிஸ்கரேஜ் சர்ச் என்ஜின்ஸ்"னு ஒரு டிக் பெட்டி இருக்கும். சைட்டைத் தயார் பண்றப்ப பாதி வேலை கூகுள்ல வந்துடக் கூடாதுன்னு அதை டிக் பண்ணி வைப்பாங்க, அது சரியான பழக்கம்தான். திறக்கிற அன்னிக்கு எடுக்கணும். எடுக்காம விட்டுட்டாங்க. 5.3 பதிப்பிலிருந்து அந்த ஒரு டிக் எல்லாப் பக்கத்துலயும் நோஇண்டெக்ஸ் குறியை எழுதிடும்.

டிக்கை எடுத்து சேவ் பண்ணின கையோட கேஷ் பிளகினை (பக்கத்தோட நகலைச் சேமிச்சு வேகமாக் காட்டற துணை நிரல்) முழுசா காலி பண்ணுங்க. இதை விட்டுட்டுத்தான் நிறைய பேர் "எடுத்துட்டேன், ஆனாலும் வரலை"ன்னு நிப்பாங்க. கேஷ் பழைய பக்கத்தையே கூகுளுக்கும் கொடுத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒரு செருப்புப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல் யு அழுத்தி, வர்ற சோர்ஸ்ல (பக்கத்தோட மூலக் குறியீடு) நோஇண்டெக்ஸ்ங்கற வார்த்தையைத் தேடுங்க. இன்னும் இருந்தா யோஸ்ட் மாதிரி எஸ்இஓ (தேடல்ல வர உதவற) பிளகின்ல புராடக்ட்ஸுக்குன்னு தனியா ஒரு அமைப்பு இருக்கும், அதையும் பாருங்க. சோர்ஸ்ல இல்லாமயும் லைவ் டெஸ்ட் சிவப்பாவே இருந்தா சர்வர் அனுப்பற ஹெடர்ல ஒளிஞ்சிருக்கும். அந்த டெஸ்ட்டே "எக்ஸ் ரோபோட்ஸ் டேக்"னு பேர் சொல்லிக் காட்டிடும்.

கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் பக்கங்கள்ல நோஇண்டெக்ஸ் இருந்தா தொடாதீங்க. வூகாமர்ஸ் வேணும்னே போடறது, இருக்கவும் வேணும்.

கோட்டை_அகழி:
அந்த 131 பழைய முகவரியையும் ரோபோட்ஸ் கோப்புல தடுத்துட்டா ரிப்போர்ட் சுத்தமாயிடுமே?

பாலாறு:
வேண்டாங்க. ரோபோட்ஸ்ல தடுக்கறதுன்னா "உள்ள வராதே"ன்னு சொல்றது. உள்ளயே வராத கூகுளுக்கு அங்க நீங்க வெக்கப்போற 301 ம் (பழைய முகவரியைப் புதுசுக்கு நிரந்தரமாத் திருப்பற உத்தரவு) தெரியாது, நோஇண்டெக்ஸும் தெரியாது. பழைய முகவரிக்கு இருக்கிற மதிப்பு புதுசுக்குப் போற வழியை நாமே அடைச்ச மாதிரி ஆயிடும்.

காட்பாடி_ஜங்ஷன்:
404 பத்தி நான் சொல்றேன். ஆம்பூர் அண்ணா, பழைய சைட்ல ஒரு செருப்பு பக்கத்தோட முகவரி எப்படி இருந்துச்சு? புராடக்ட் டாட் பிஎச்பி, கேள்விக்குறி, ஐடி=27 அந்த மாதிரியா?

ஆம்பூர்_கடை:
ஆமாம், அதே மாதிரிதான். ஐடி 1ல இருந்து 214 வரைக்கும், நடுவுல நிறைய விட்டுப் போயிருக்கும். இப்ப எதைத் திறந்தாலும் "பக்கம் இல்லை"ன்னு வருது. அவரைக் கேட்டா, எல்லாத்தையும் முகப்புக்குத் திருப்பி விட்டுடறேன்ங்கறார்.

காட்பாடி_ஜங்ஷன்:
முகப்புக்கு மொத்தமா திருப்பக் கூடாது. கோலாப்பூரி செருப்பு தேடி வந்தவனை வாசல்ல கொண்டு விட்டா கூகுள் அதை சாஃப்ட் 404 ன்னுதான் எடுத்துக்கும், பக்கம் இல்லாததுக்குச் சமம். பழைய 27ம் நம்பர் எந்தப் பொருளோ அதே பொருளோட புதுப் பக்கத்துக்குப் போகணும். அந்தப் பொருள் இப்ப விக்கலைன்னா அதே வகைப் பக்கத்துக்கு. வகையே இல்லைன்னா 404 ஆவே விட்டுடுங்க, அது தப்பில்லை.

பட்டியல் எடுக்கிற வழி: சர்ச் கன்சோல் பெர்ஃபாமன்ஸ்ல தேதியை 16 மாசம் வெச்சு, பேஜஸ் தாவலை எக்ஸ்போர்ட் பண்ணுங்க. 1000 வரி வரைக்கும் கிடைக்கும், உங்களுக்குத் தாராளம். கிளிக் அதிகமா இருக்கிறது மேல வர்ற மாதிரி அடுக்கி, பக்கத்து காலத்துல புது முகவரியை எழுதுங்க. மேல இருக்கிற 40ஐ இன்னிக்கே முடிங்க, மிச்சம் இந்த வாரத்துக்குள்ள.

இனிமேதான் கவனம். டாட் எச்டிஆக்சஸ்ங்கற சர்வர் அமைப்புக் கோப்புல சாதாரண "ரீடைரக்ட் 301" வரி கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கிறதைப் பார்க்கவே பார்க்காது. அதனால 27ம் 28ம் அதுக்கு ஒண்ணுதான். ரீரைட் கண்டிஷன்ல கொரி ஸ்ட்ரிங்கை (கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கிற பகுதி) சோதிச்சு, அதுக்குக் கீழ ரீரைட் ரூல் எழுதச் சொல்லுங்க. இதுல மூணு தப்பு வழக்கமா நடக்கும். ஐடி=2 ன்னு மொட்டையா எழுதினா அது 27, 28, 214 எல்லாத்தையும் பிடிச்சுக்கும்; முன்னாடி கூரைக்குறியும் (^) பின்னாடி டாலர் குறியும் ($) போட்டுக் கட்டணும். இலக்கு முகவரியோட கடைசியில ஒரு கேள்விக்குறி வைக்கலைன்னா பழைய ஐடி=27 புது முகவரியோட வால் மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். அப்புறம் இந்த வரிகள் எல்லாம் கோப்புல "பிகின் வேர்ட்பிரஸ்"ங்கற இடத்துக்கு மேல இருக்கணும். உள்ள எழுதினா வேர்ட்பிரஸ் அடுத்த தடவை அந்தப் பகுதியைத் திருப்பி எழுதறப்ப அழிஞ்சுடும்.

கோப்பைத் தொட பயமா இருந்தா ரீடைரக்ஷன்ங்கற இலவச பிளகின் போதும். அதுலயே 404 பதிவும் வரும், விட்டுப்போனது தெரியும்.

ஆம்பூர்_கடை:
ரொம்ப நன்றி தம்பி. டிக்கை எடுத்து கேஷும் காலி பண்ணியாச்சு, லைவ் டெஸ்ட் பச்சை. பட்டியல் போட உட்கார்ந்தா ஒரு குழப்பம். புது சைட்ல பொருள் பேரைத் தமிழ்ல வெச்சிருக்கோம். "ஆண்கள் தோல் செருப்பு கருப்பு", "ஆண்கள் தோல் செருப்பு கரும்பழுப்பு" ரெண்டோட முகவரியும் "ஆண்கள்-தோல்-செருப்பு-கரு"ன்னு நின்னுடுது. ரெண்டாவதுக்குக் கடைசியில 2 வேற. எதுக்கு எதைத் திருப்பறதுன்னே தெரியலை.

பாலாறு:
நல்லவேளை, திருப்பறதுக்கு முன்னாடி கவனிச்சீங்க.

முகவரியில தமிழ் எழுத்து அப்படியே போகாது. ஒவ்வொரு குறியும் மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட மூணு எழுத்தா மாறும், ஆக ஒரு குறிக்கு 9 இடம். வேர்ட்பிரஸ் இந்த ஸ்லக்குக்கு (முகவரியில பொருள் பேர் வர்ற கடைசிப் பகுதி) மொத்தமே 200 இடம்தான் தரும். உங்க பேரையே எண்ணிப் பாருங்க. "ஆண்கள்" 6 குறி (புள்ளியும் உயிர்க்குறியும் தனிக் குறி), 54. "தோல்" 4 குறி, 36. "செருப்பு" 8 குறி, 72. நடுவுல ரெண்டு கோடு. கூட்டினா 164. அடுத்த கோட்டோட 165, மிச்சம் 35 இடம். அதுல மூணு குறிதான் அடங்கும்: க, ர, உகரம். அங்கயே வெட்டிடும். கருப்பும் கரும்பழுப்பும் அதுவரைக்கும் ஒண்ணுதானே, அதான் மோதி, பின்னாடி வந்ததுக்கு 2 ஒட்டிருச்சு.

தமிழ் முகவரியை கூகுள் நல்லாவே படிக்கும், அதுல குறை இல்லை. இந்த வெட்டுதான் தொல்லை. வாட்ஸ்அப்ல அனுப்பினாலும் சதவீதக் குறியா நீளமா போகும், மொத்த வியாபாரி அதைப் பார்த்து லிங்க் கெட்டுப்போச்சுன்னு நினைப்பார். அதனால பொருள் பேரும் விவரமும் தமிழ்லயே இருக்கட்டும். ஸ்லக் மட்டும் ஆங்கில எழுத்துல சின்னதா, உங்க மாடல் நம்பரோட வையுங்க.

வரிசை முக்கியம்: முதல்ல எல்லா ஸ்லக்கையும் மாத்தி முடிங்க, அப்புறம் 301 எழுதுங்க. வரிசை மாறினா பழைய ஐடி, அங்கிருந்து வெட்டுப்பட்ட தமிழ் முகவரி, அங்கிருந்து புதுசுன்னு சங்கிலி ஆயிடும். ஒரே தாவல்ல போய்ச் சேரணும். முடிஞ்சதும் சைட்மேப்பை (சைட்ல இருக்கிற பக்கங்களோட பட்டியல்) சமர்ப்பிச்சு, முகப்புக்கும் முக்கியமான பத்துப் பக்கத்துக்கும் மட்டும் "ரிக்வெஸ்ட் இண்டெக்சிங்" கொடுங்க. மிச்சத்தை சைட்மேப் பார்த்துக்கும், தினமும் அழுத்தறதால வேகம் கூடாது.

கோட்டை_அகழி:
அண்ணா, பழைய சைட் விவரங்களை அப்படியே காப்பி பண்ணிப் போட்டீங்களா? பாமினி மாதிரி யூனிகோடு இல்லாத பழைய எழுத்துருவுல அடிச்சது எதாவது இருந்தா கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஒரு பத்தியைக் காப்பி பண்ணி போன் நோட்ல ஒட்டிப் பாருங்க, தமிழா வந்தா யூனிகோடு. சைஸ் சார்ட்டைப் படமாப் போட்டிருந்தா அதையும் எழுத்தா மாத்துங்க. "9ம் நம்பர் எத்தனை சென்டிமீட்டர்"னு ஆளுங்க தேடறாங்க.

ஆம்பூர்_கடை:
சைஸ் சார்ட் படம்தான், மாத்தறேன். இன்னொண்ணு. கூகுள் மேப்புல கடை முகவரி "ஆம்பூர், வேலூர் மாவட்டம்"னு இருக்கு. சைட்ல திருப்பத்தூர் மாவட்டம். இதனால பாதிப்பு வருமா? வேலூர்க்காரங்க தேடறப்ப வரணும்னு வேலூர், காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் போடலாம்னு சைட்காரர் சொல்றார்.

காட்பாடி_ஜங்ஷன்:
2019 நவம்பர்ல வேலூர் மாவட்டம் பிரிஞ்சதுல இருந்து ஆம்பூர், வாணியம்பாடி பக்கமும், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கமும் இந்தக் குழப்பம் இருக்கு. மேப் முகவரிக்கு மாவட்டமே தேவையில்லை. தெரு, ஆம்பூர், தமிழ்நாடு, 635802 போதும். சைட்டோட அடிப்பகுதி, மேப், பேஸ்புக், ஜிஎஸ்டி பில் எல்லாத்துலயும் கடைப் பேரும் போன் நம்பரும் ஒரே மாதிரி இருக்கட்டும். மேப்புல கடைப் பேரோட "பெஸ்ட் லெதர் ஷூ வேலூர்"னு ஒட்டறது விதிமீறல். பலகையில என்ன எழுதியிருக்கோ அதுதான் பேர்.

ஊர் பேரை மட்டும் மாத்திப் போட்ட ஒரே பக்கம் நாலு வேண்டவே வேண்டாம், கூகுள் அதை டோர்வே பக்கம்னு (தேடல்ல ஆள் பிடிக்க மட்டும் போட்ட பக்கம்) ஒதுக்கும். வேலூருக்கு நிஜமாவே மொத்தச் சரக்கு அனுப்பறீங்கல்ல, அதுக்கு ஒரே ஒரு பக்கம் போடுங்க. குறைஞ்சது எத்தனை ஜோடி, எந்தக் கிழமை லோடு போகும், எத்தனை நாள்ல கிடைக்கும், திருப்பி எடுக்கிறது எப்படி, எல்லாத்தையும் எண்ணோட எழுதுங்க. தலைப்புல "ஆம்பூர்"னு மட்டும் விட்டுடாதீங்க, அந்தப் பேருக்கு பிரியாணிதான் முதல்ல வந்து நிக்கும். "தோல் செருப்பு மொத்த விலை, ஆம்பூர்"ன்னு பொருளை முன்னாடி வையுங்க.

ரிவ்யூ கேளுங்க, தாராளமா. ரிவ்யூ போட்டா பெல்ட்டுல தள்ளுபடின்னு மட்டும் சொல்லாதீங்க, அதுவும் தடைதான்.

ஆம்பூர்_கடை:
மூணு வாரம் ஆச்சு, நிலவரம் சொல்லணும்ல. கடைப் பேருக்கு முதல்ல வருது. 104ல 92 இண்டெக்ஸ் ஆயிடுச்சு. கிளிக் நாளைக்கு 30 தாண்டிருச்சு. பேக்லிங்க் வேண்டாம்னு சொல்லிட்டேன். மிச்சம் 12 மட்டும் "க்ரால்டு, நாட் இண்டெக்ஸ்டு"லயே நிக்குது. திறந்து பார்த்தா எல்லாம் பெல்ட், ஒரே பெல்ட் வேற வேற கலர்ல.

பாலாறு:
நல்ல சேதி சார். அந்த 12லயும் விவரம் ஒரே பத்திதானே இருக்கும்? கலரை மட்டும் மாத்தி 12 பக்கம் வெச்சா கூகுள் தனித்தனியா ஏத்தறதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. வூகாமர்ஸ்ல அதை ஒரே வேரியபிள் புராடக்ட்டா மாத்துங்க, கலரும் இடுப்பு அளவும் உள்ளயே தேர்ந்தெடுக்கிற மாதிரி. கிளிக் அதிகம் வாங்கின பெல்ட்டோட முகவரியை வெச்சுக்கிட்டு மத்த 11ஐயும் அதுக்கு 301 பண்ணுங்க. பழைய பிஎச்பி ஐடி எதாவது அந்த 11க்குப் போயிட்டிருந்தா அந்த வரியையும் நேரா புது பெல்ட் பக்கத்துக்கே திருத்திடுங்க.

301 வரிகளைக் குறைஞ்சது ஒரு வருஷம் எடுக்காதீங்க, கூகுள் சொல்ற கணக்கு அது. ஹோஸ்டிங் மாத்தறப்ப எச்டிஆக்சஸ் கோப்பையும் கையோட கொண்டுபோகச் சொல்லி எழுதி வையுங்க.