தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்கு தர்ற முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை, எங்களுக்கு கிடைக்குமா?

வைஃப்க்கு இப்ப 10வது வாரம், முதல் குழந்தை. ஸ்கேன் பிரைவேட்ல எடுத்தோம், அதனால பணம் வராதுன்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, உண்மையா? எங்க போய் கேக்கணும்னே தெரியல.

பதில் 1:
ஸ்கேன விடுங்க, முதல்ல உங்க ஏரியா கிராம சுகாதார நர்ஸ்கிட்ட போய் பிக்மி நம்பர் (கர்ப்பத்த அரசுகிட்ட பதிஞ்சா குடுக்குற நம்பர்) போடுங்க, 12 வாரத்துக்குள்ள பதியணும், உங்களுக்கு டைம் ரொம்ப கம்மி. தாய்க்கு 19 வயசு முடிஞ்சிருக்கணும், குடும்பம் வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கணும், முதல் 2 பிரசவத்துக்குதான் குடுப்பாங்க. மொத்தம் 18,000, அதுல 14,000 பணம், மிச்சம் 4,000க்கு ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம், பேரீச்சம்பழம் நெய் சத்துமாவு எல்லாம் இருக்கும்.

பதில் 2:
பேங்க் அக்கவுண்ட் மனைவி பேர்லயே இருக்கணும் ப்ரோ, உங்க அக்கவுண்ட குடுத்துடாதீங்க. ஆதார் லிங்க் ஆயிருக்கான்னும் பாருங்க. என் தங்கச்சிக்கு ஆதார்ல அப்பா இனிஷியல், பாஸ்புக்ல புருஷன் இனிஷியல், இந்த ஒரு எழுத்துக்காக மாசக்கணக்கா அலைய விட்டாங்க. கேட்டா சர்வர் மேல பழி!

கேட்டவர்:
நன்றிங்க. பணம் ஒரே தடவையா வருமா?

பதில் 1:
இல்ல, தவணையாதான். குழந்தை பொறந்தப்புறம் வர்றதுக்கு தடுப்பூசி கரெக்டா போட்டிருக்கணும், அட்டைய தொலைச்சிடாதீங்க. மத்திய அரசு கர்ப்பிணிகளுக்கு தர்ற மாத்ரு வந்தனா திட்டப் பணமும் இதுலயே சேர்ந்துதான் வருது, தனியா 5,000 வாங்கித் தரேன்னு எவனாவது கமிஷன் கேட்டா நம்பாதீங்க.