மறு: நீரிழிவும் நோயெதிர்ப்பும் – 'தடுமாற்றம்' என்ற சொல்லுக்காக

நண்பர்களுக்கு வணக்கம்.

நோயாளிகள் படிக்கப்போகும் நம் கட்டுரையில், நீரிழிவு உள்ளவர்களின் நோயெதிர்ப்பு மண்டலத்தில் வரும் கோளாறை எந்தத் தமிழ்ச் சொல்லால் குறிப்பது என்ற இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன: குறைபாடு, பலவீனம், செயலிழப்பு, பிறழ்வு. நான் ஐந்தாவதாக 'நோயெதிர்ப்புத் தடுமாற்றம்' என்பதை வைக்கிறேன். உடலுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிட்டால் காரணம் விளங்கும்.

> எதிர்ப்புச் சக்தி குறைகிறது, அவ்வளவுதானே? குறைபாடு என்றே வைத்துவிடலாமே.

எது குறைகிறது என்பதில்தான் சிக்கல். நீரிழிவு உள்ள ஒருவருக்குக் காலில் புண் வந்து சீழ் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். இரத்தப் பரிசோதனைத் தாளில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 14,000 என்று இருக்கக்கூடும். இயல்பான அளவு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை. எலும்பு மஜ்ஜை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது, அணுக்களுக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் தொற்று பரவுகிறது.

நியூட்ரோஃபிலை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களின் இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் பெரும்பங்கு அதுதான். கிருமி நுழைந்ததும் அது இரத்தக்குழாய்ச் சுவரோரம் உருண்டு, ஒட்டி, சுவர்ச் செல்களின் இடுக்கில் புகுந்து வெளியே வரவேண்டும். அப்புறம் வேதிப்பொருள்களின் தடத்தைப் பிடித்துக் கிருமி இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். போய் விழுங்க வேண்டும், விழுங்கியதைக் கொல்ல வேண்டும். இரத்தச் சர்க்கரை நெடுநாள் ஏறியே கிடந்தால் இதில் பல படிகளில் இடறல் வருகிறது. தடம் பிடிப்பது மந்தமாகிறது, விழுங்குவது குறைகிறது.

கொல்லும் படி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. விழுங்கிய கிருமியைத் தாக்க நியூட்ரோஃபில் சூப்பர்ஆக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வகைப் பொருளைத் தயாரிக்கும். அதற்கு என்.ஏ.டி.பி.எச். என்ற மூலக்கூறு வேண்டும். செல்லுக்குள் குளுக்கோஸ் மிகும்போது ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதை சார்பிட்டால் என்ற வேறொரு பொருளாக மாற்றத் தொடங்குகிறது. அந்த மாற்றத்துக்கும் அதே என்.ஏ.டி.பி.எச்.தான் செலவாகிறது. கிருமிக்கென்று இருந்தது சர்க்கரையைச் சமாளிப்பதிலேயே கரைந்துபோவது, கொல்லும் திறன் மங்குவதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதோடு நின்றிருந்தால் 'பலவீனம்' என்ற சொல்லே போதும். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. நியூட்ரோஃபில் தன் டி.என்.ஏ.வையே வலைபோல வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும் என்பது 2004இல் தெரியவந்தது. நீரிழிவில் இந்த வலைவீச்சு தேவைக்கு மேல் நடந்து, புண் ஆறுவதையே தாமதப்படுத்துகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லியூக்கின் 6 போன்ற அழற்சிப் பொருள்கள் தொற்றே இல்லாத நாளிலும் சற்று உயர்ந்தே இருக்கின்றன. வேண்டிய நேரத்தில் பின்தங்குவது, வேண்டாத நேரத்தில் முந்திக்கொள்வது என இரண்டும் ஒரே உடலில். 'குறைபாடு', 'பலவீனம்' இரண்டும் இதில் பாதியைத்தான் சொல்கின்றன.

நாட்பட்ட கிரானுலோமா நோயில் நியூட்ரோஃபில்கள் எண்ணிக்கையில் குறையாமலே கொல்லும் திறனை இழக்கின்றன, அதைக் குறைபாடு என்கிறோமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. சூப்பர்ஆக்சைடு தயாரிக்கும் நொதிக்கான மரபணுவே அங்கே பழுது. பிறவியிலேயே வருவது, தானாகச் சரியாகாது. அதற்குக் குறைபாடு என்ற சொல் முழுக்கப் பொருந்தும். நீரிழிவில் கருவி இருக்கிறது, சூழல்தான் கெட்டிருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் வெள்ளணுக்களின் செயல்பாடு கணிசமாகத் தேறுகிறது. மருத்துவமனையில் சேர்ந்திருப்பவர்களுக்குச் சர்க்கரையைப் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 140 முதல் 180 மில்லிகிராம் அளவுக்குள் வைத்திருக்கப் பார்ப்பதில் தொற்றைத் தவிர்க்கும் நோக்கமும் உண்டு. தடுமாறியவர் சுதாரித்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை தமிழில் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நோயாளி படிக்கப்போகும் கட்டுரையில் இது சின்ன விஷயம் அல்ல.

'செயலிழப்பு' வேண்டவே வேண்டாம். சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு என்று கேட்டுப் பழகிய காதுக்கு, எல்லாம் முடிந்தது என்றுதான் அது படும். உண்மையில் நீரிழிவு உள்ள பலருக்கும் எதிர்ப்புரதம் (கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்) உருவாவது ஓரளவு நன்றாகவே நடக்கிறது. அதனால்தான் இன்ஃபுளுவென்சா, நிமோகாக்கஸ், ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசிகளை அவர்களுக்குப் பரிந்துரைக்கிறார்கள். எதிர்ப்பு மண்டலமே செயலிழந்துவிட்டது என்று படித்தவர், அப்புறம் ஊசி எதற்கு என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

'பிறழ்வு' வலுவான போட்டியாளர்தான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இங்கேயே வேறு வேலை காத்திருக்கிறது. முதல் வகை நீரிழிவில் எதிர்ப்பு மண்டலம் சொந்தக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களையே தாக்கி அழிக்கிறது. பிறழ்வு என்று சொல்லத் தக்கது அது. அப்படி நோய் வந்தவருக்கே பின்னாளில் சர்க்கரை ஏறித் தொற்றும் வந்தால், நோயை உண்டாக்கியது ஒன்று, நோயால் உண்டானது இன்னொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் படிப்பவர் குழம்பிப்போவார்.

> தடுமாற்றம் பேச்சுச் சொல் மாதிரி இருக்கிறதே, மருத்துவ நூலில் நிற்குமா?

மாரடைப்பு நிற்கவில்லையா? மார், அடைப்பு இரண்டுமே வீட்டுச் சொற்கள். இன்று மருத்துவரும் நோயாளியும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சொல்லின் எல்லையையும் இப்போதே வகுத்துவிடுவது நல்லது. காசநோய் வரும் அபாயம் நீரிழிவு உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். மேக்ரோஃபேஜ்கள், டி செல்கள் ஆகிய மற்ற எதிர்ப்பு அணுக்களின் கோளாறு அதில் சம்பந்தப்பட்டிருப்பதால் அதைத் தடுமாற்றத்தின் கீழ் பேசலாம். காலில் உணர்வு மரத்துப்போய் முள் குத்தியதே தெரியாமல் இருப்பது நரம்புப் பாதிப்பு. புண்ணுக்கு இரத்தம் போதாமல் போவது குழாய்ப் பாதிப்பு. தொற்று முற்றுவதற்கு இரண்டும் பெரிய காரணங்கள் என்றாலும், இந்தச் சொல்லுக்குள் அவற்றைத் திணிக்கக் கூடாது. கருப்புப் பூஞ்சை நோய் இடையில் நிற்கிறது. கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும்போது விடுபடும் இரும்பு அந்தப் பூஞ்சைக்குத் தீனியாகிவிடுகிறது, வெள்ளணுக்களும் அந்நேரம் தளர்ந்திருக்கின்றன. அதைத் தடுமாற்றத்தின் கீழும், அதற்கு வெளியே உள்ள காரணங்களின் கீழும் குறிப்பிடலாம் என்பது என் கருத்து.

எழுதும்போது முதல் முறை 'நீரிழிவுசார் நோயெதிர்ப்புத் தடுமாற்றம்' என்று முழுதாகவும், அடுத்தடுத்து 'எதிர்ப்புத் தடுமாற்றம்' என்றும் போடலாம். மேலே நான் புழங்கிய 'வலைவீச்சு' பற்றியும் உங்கள் கருத்து வேண்டும். 'வலைப்பொறி' என்று ஒருவர் முன்பு எழுதியதாக நினைவு. ஆனால் பொறி என்பது பொருளைக் குறிக்கும், நமக்கு வேண்டியது செயலுக்கான பெயர். அதைத் தனி இழையில் பேசுவோம்.

அன்புடன்