மதுரை தங்கம் தியேட்டர் இருந்த இடம் எது?

கேள்வி: அப்பா கடைசிவரை தங்கம் தியேட்டர் பேச்சுதான். டிக்கெட் கூட்டத்தில் சட்டை கிழிந்த கதையை நூறு தடவை கேட்டிருப்பேன். அந்த இடத்தைப் பார்க்கணும். எங்கே?

பதில்: மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, தம்பி. இப்போது ஜவுளிக்கடை. 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி'யோடு திறந்தது, 2,563 இருக்கை. இடைவேளை விட்டால் வீதியே நிறைஞ்சிரும், முறுக்குக்காரருக்கு நிற்க இடம் இருக்காது! வீட்டுக்கு வீடு டிவி வந்தபின் அத்தனை இருக்கையை எதைக் காட்டி நிரப்புவது? இடிச்சப்போ நான் அந்தப் பக்கமே போகலை.

பதில்: சென்னை சாந்தியும் அப்படித்தான். 1961-இல் திறந்தது, 2016-இல் மூடினார்கள். முகப்பையாவது விட்டிருக்கலாம்.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணே. அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். அங்கேயே அவங்களுக்கு ஒரு சேலை எடுக்கணும்.