கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது. அவசர உதவி!

பாதிராத்திரி_பில்ட்:
நண்பர் கொடுத்த சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய உரைக்கோப்பு). பழைய லாக் (பதிவு) கோப்புகளை அழிக்கும், அவ்வளவுதான். அவர் கணினியில் ஜோராக ஓடுகிறது, எங்கள் சர்வரில் ஓடவில்லை. எல்எஸ் (கோப்புப் பட்டியல் காட்டும் கட்டளை) அடித்தால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. டிஸ்க் நிரம்பிக்கொண்டே வருகிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வெற்றுவரி:
என்ன பிழைச் செய்தி? எந்த இயங்குதளம்? எப்படி ஓட்டினீர்கள்? "ஓடவில்லை" என்பதை மட்டும் வைத்து ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கர்னல்_வாசி:
சிஎச்மாட் +எக்ஸ் (ஓட்டும் அனுமதி) கொடுத்திருக்க மாட்டீர்கள். வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மேன் பக்கத்தை (கட்டளைக் கையேடு) படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

பாதிராத்திரி_பில்ட்:
அதெல்லாம் கொடுத்தாயிற்று. லினக்ஸ் சர்வர்தான், கொஞ்சம் பழையது. வரும் செய்தி இதுதான், முழுசாக:
: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

சுழல்_முடியவில்லை:
64 பிட் சர்வரில் 32 பிட் பைனரியை (இயந்திர மொழி நிரல்) ஓட்டும்போது அதை ஏற்றிவிடும் லோடர் இல்லாவிட்டால் இதே செய்திதான் வரும். எனக்கு வந்திருக்கிறது. எல்டிடி (நிரலுக்குத் தேவையான நூலகங்களைக் காட்டும் கட்டளை) போட்டுப் பாருங்கள்.

வெற்றுவரி:
அவர் ஓட்டுவது ஸ்கிரிப்ட், பைனரி இல்லையே.

சுழல்_முடியவில்லை:
ஸ்கிரிப்டைப் படிக்கிற பேஷ் பைனரிதானே?

வெற்றுவரி:
அதுவே ஓடாதென்றால் அவர் சர்வருக்குள் நுழைந்து எல்எஸ் அடித்ததே அதிசயம். அனுமதிப் பிரச்சினையும் இல்லை, அப்படியிருந்தால் "பெர்மிஷன் டினைட்" என்று வந்திருக்கும்.

@பாதிராத்திரி_பில்ட், செய்தி முக்காற்புள்ளியில் தொடங்குகிறதே, அதற்கு முன்னால் எதையும் வெட்டினீர்களா? ஸ்கிரிப்டின் முதல் வரி என்ன? அதை எதில் ஒட்டிச் சேமித்தீர்கள்?

பாதிராத்திரி_பில்ட்:
எதையும் வெட்டவில்லை, அப்படித்தான் வருகிறது. முதல் வரி #!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பேஷ். விண்டோஸில் நோட்பேடில் ஒட்டிச் சேமித்து சர்வருக்கு அனுப்பினேன். அது முக்கியமா?

வெற்றுவரி:
அதுதான் விஷயமே. விண்டோஸ் ஒவ்வொரு வரியையும் இரண்டு எழுத்துகளால் முடிக்கிறது: சிஆர் (குறியெண் 13), அப்புறம் எல்எஃப் (அடுத்த வரி, குறியெண் 10). லினக்ஸுக்கு எல்எஃப் மட்டும் போதும், சிஆர் வந்தால் அதையும் வரியின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதல் வரியில் இருக்கும் என்வ் (நிரலைத் தேடி ஓட்டும் கட்டளை) தேடியது "பேஷ்" என்ற நிரலை அல்ல, வாலில் ஒரு சிஆர் ஒட்டிய "பேஷ்"ஷை. அப்படி ஒன்று எங்கும் இல்லை. இல்லாதது உங்கள் கோப்பு இல்லை, அதன் முதல் வரி கேட்கிற நிரல்.

முக்காற்புள்ளிக்கும் இதுவே காரணம். சிஆர் என்றால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போ என்று அர்த்தம். "/யூஎஸ்ஆர்/பின்/என்வ்: பேஷ்" என்று திரையில் எழுதியாயிற்று, உடனே சிஆர் கர்சரை இடது ஓரத்துக்கு இழுத்தது, மீதிச் செய்தி அதன் மேலேயே எழுதப்பட்டு முன்பாதியை மூடிவிட்டது. புதிய பதிப்புகளில் அந்த எழுத்தை \ஆர் என்று வெளிப்படையாகவே காட்டுவார்கள்.

உறுதிசெய்ய, மறைந்த எழுத்துகளையும் காட்டும் கேட் -ஏ (பெரிய ஏ) அடியுங்கள். வரி முடிவில் வெறும் $ வராமல் ^எம்$ (^எம் என்பதுதான் சிஆர்) வந்தால் சந்தேகமே வேண்டாம். வரி முடிவுகளை மாற்றும் டாஸ்2யூனிக்ஸ் இருந்தால் ஒரே கட்டளை. இல்லாவிட்டால் விம் எடிட்டரில் திறந்து :செட் எஃப்எஃப்=யூனிக்ஸ் கொடுத்துச் சேமியுங்கள்.

கர்னல்_வாசி:
கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) வழியாகக் கொண்டுபோயிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. அதில் வரி முடிவு அமைப்பான கோர்.ஆட்டோசிஆர்எல்எஃப்-ஐ இன்புட் என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுழல்_முடியவில்லை:
அது அவரவர் கணினியின் அமைப்பு. குழுவில் நீங்கள் இன்புட் வைத்தால் பக்கத்து இருக்கைக்காரர் ட்ரூ வைத்திருப்பார். ரெபோவுக்குள் (கிட் களஞ்சியம்) .கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பு போட்டு "*.எஸ்எச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்" என்று ஒரு வரி எழுதினால் குளோன் (நகல்) செய்கிற எல்லோருக்கும் பொருந்தும். தனிப்பட்ட அமைப்பை அது மீறவும் செய்யும்.

கர்னல்_வாசி:
ஒழுங்காக வேலை செய்யும் குழுவுக்கு அந்தக் கோப்பே தேவையில்லை.

சுழல்_முடியவில்லை:
அப்படியொரு குழுவை நான் பார்த்ததில்லை, அண்ணே.

டேப்_கட்சி:
விண்டோஸின் .பேட் (கட்டளை) கோப்புகளையும் எல்எஃப் ஆக்கிவிடாதீர்கள், அவற்றுக்கு சிஆர்எல்எஃப்தான் பாதுகாப்பு. ஏற்கெனவே கமிட் (கிட்டில் பதிவு) ஆனவற்றுக்கு கிட் ஆட் --ரீநார்மலைஸ் ஒருமுறை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் புது விதி எட்டிக்கூடப் பார்க்காது. எடிட்டருக்கான அமைப்புக் கோப்பான .எடிட்டர்கான்ஃபிக்கில் எண்ட்_ஆஃப்_லைன் இருக்கும்போது இரண்டு பேரும் எதற்குச் சண்டை போடுகிறீர்கள்?

கர்னல்_வாசி:
எடிட்டர்கான்ஃபிக் எடிட்டரோடு சரி. கிட்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

பாதிராத்திரி_பில்ட்:
^எம்$ வருகிறது! டாஸ்2யூனிக்ஸ் இன்ஸ்டால் செய்யக் கேட்டிருக்கிறேன். ஸ்கிரிப்டில் வேறு ஒன்றுமில்லை, இந்த ஒரு வரிதான்:
ஃபைண்ட் /டேட்டா/லாக்ஸ் –எம்டைம் +7 -டெலீட்

வெற்றுவரி:
நிறுத்துங்கள். ஓட்டாதீர்கள்.

எம்டைமுக்கு (கோப்பு மாறிய நாள்) முன்னால் இருக்கும் கோட்டையும் டெலீட்டுக்கு முன்னால் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது நீளம். அது ஹைஃபன் இல்லை, அச்சுக்கோடு. யாரோ இதை ஆவணச் செயலியிலோ அரட்டையிலோ வைத்திருந்தபோது அது "திருத்தி" இருக்கிறது. ஹைஃபனில் தொடங்காததால் ஃபைண்ட் (கோப்பு தேடும் கட்டளை) அதை நிபந்தனையாகவே எடுக்காது. –எம்டைம், +7 இரண்டும் தேட வேண்டிய இடங்களின் பெயர்கள் என்று நினைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் ஒரே உத்தரவு டெலீட். ஏழு நாள் கணக்கெல்லாம் கிடையாது, /டேட்டா/லாக்ஸ் மொத்தமும் போகும். அதற்குப் பிறகுதான் "–எம்டைம் என்று எதுவும் இல்லை" என்று புலம்பும்.

இதுவரை அந்த சிஆர்தான் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. டாஸ்2யூனிக்ஸ் அதை எடுத்துவிடும், இந்தக் கோட்டைத் தொடாது. கோட்டைக் கையால் அழித்துத் திரும்ப அடியுங்கள். -டைப் எஃப் (கோப்புகள் மட்டும்) சேருங்கள். கடைசியில் -டெலீட்டுக்குப் பதில் -பிரிண்ட் போட்டு ஓட்டி, வருகிற பட்டியலைக் கண்ணால் பாருங்கள். டெலீட் எப்போதும் கடைசியில்தான் வர வேண்டும், ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும்.

டேப்_கட்சி:
கேட் -ஏ போட்டபோதே அந்த இடத்தில் எம்-பி என்று கோணல்மாணலாக ஏதோ வந்திருக்குமே.

சுழல்_முடியவில்லை:
எல்லோரும் ^எம்-மைத்தானே தேடினோம். துண்டு நிரலை அரட்டையில் அனுப்புவதற்குப் பதில் கோப்பாகவே அனுப்பலாம் என்று எத்தனை தடவை சொன்னாலும்...

கர்னல்_வாசி:
அல்லது கிட்டில்.

பாதிராத்திரி_பில்ட்:
ஓடிவிட்டது. டிஸ்கில் நிறைய இடம் வந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி!

வெற்றுவரி:
எவ்வளவு இடம்? கோட்டை மாற்றிய பிறகு ஓட்டினீர்களா, அதற்கு முன்பா?

வெற்றுவரி:
@பாதிராத்திரி_பில்ட்?

டேப்_கட்சி:
பேக்கப் இருக்கும் என்று நம்புவோம்.

புதிய_உறுப்பினர்:
எனக்கும் இதே பிரச்சினை. ஓடவில்லை. உதவவும்.

வெற்றுவரி:
என்ன பிழைச் செய்தி?