கர்ப்பத்தில் அடங்கிய மூட்டுவலி: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முடக்குவாதம், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். குழந்தைக்குத் திட்டமிட்டபோதே, அதற்காக நான் எடுத்துவந்த மெத்தோட்ரெக்சேட்டை டாக்டர் நிறுத்திவிட்டார். கருவுக்கு ஆகாத மருந்து அது. அது இல்லாமல் எப்படித் தாங்கப் போகிறேனோ என்று பயந்தேன். ஆனால் ஐந்தாம் மாதம் வாக்கில் வீக்கம் தானாக வடிந்தது. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்கின. பாட்டில் மூடியை நானே திறந்தபோது அழுகையே வந்துவிட்டது.

டாக்டரிடம் கேட்டேன். பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் 1938-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார் என்றார். அந்தத் தேடல்தான் கார்ட்டிசோன் என்ற, அழற்சியை அடக்கும் ஹார்மோன் சிகிச்சை வரை போய், அவருக்கு 1950-ல் நோபல் பரிசும் பெற்றுத் தந்திருக்கிறது.

காரணமாக என் டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அதனால் தாயின் உடல் அதை அந்நியமாக நினைத்துத் தாக்கிவிடக் கூடாது. நஞ்சுக்கொடி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் கடைசி மாதங்களில் தினமும் 250 மில்லிகிராம் அளவுக்குப் போகுமாம். அதுவும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்து எதிர்ப்புச் சக்தியின் வெள்ளை அணுக்களில் அழற்சியைக் கிளப்பும் டி செல்களை அடக்கி, கட்டுப்படுத்தும் டி செல்களைப் பெருக்குகின்றன. என் மூட்டைத் தாக்கிக்கொண்டிருந்ததும் அந்த அழற்சிதான். எதிர்ப்புச் சக்தி மொத்தமாகப் படுத்துவிடுவதில்லை, அதன் போக்கு மாறுகிறது. ஆனாலும் ஃப்ளூ வந்தால் கர்ப்பிணிகளைக் கடுமையாகவே தாக்கும். தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிரசவம் ஆன சில நாட்களிலேயே இந்த ஹார்மோன்கள் சரிந்துவிடும். பிறகு வலி திரும்பியது, முன்பைவிட மோசமாக. பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. நல்லவேளையாக, தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய மருந்துகளை டாக்டர் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். இந்தப் பேச்சை ஏழாம் எட்டாம் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

*

அக்கா, எனக்கு லூபஸ். இதுவும் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்தான். உங்கள் அனுபவத்துக்கு நேர்மாறு. கர்ப்பத்தில்தான் மூட்டுவலியும் தோல் தடிப்பும் கூடின, சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்தது. ஈஸ்ட்ரோஜன் எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி செல்களை ஊக்குவிக்கும், லூபஸில் வில்லனே அந்த எதிர்ப்பொருள்கள்தான் என்று எனக்கு விளக்கினார்கள். ஒரே ஹார்மோன் உங்களுக்கு உதவி, எனக்கு உபத்திரவம்! அதனால் "கர்ப்பமானால் எல்லாம் சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள். லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நான் ஒன்பது மாதமும் நிறுத்தவில்லை. டாக்டரே தொடரச் சொன்னார். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்கவும் சொல்வார்கள். லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் இருக்கும் ரோ (Ro) என்ற எதிர்ப்பொருளுக்கான பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்த எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ச் சில குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடும்.

*

எனக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. ஆனால் பிரசவம் ஆகி மூன்று மாதத்தில் படபடப்பு, கை நடுக்கம், மளமளவென்று எடை குறைவு. தூக்கமில்லாததால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படியே நினைத்தேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அழற்சி என்று வந்தது. அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி பிரசவத்துக்குப் பின் மீண்டும் எழும்போது 100 தாய்மாரில் சுமார் 5 பேருக்கு இப்படி ஆகுமாம். பிறகு அது தலைகீழாகி, தைராய்டு ஹார்மோன் குறைந்து, ஓயாத சோர்வு வந்தது. அதைப் பிரசவ மனச்சோர்வு என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் இப்படி ஏதாவது இருந்தால் டி.எஸ்.எச். (TSH) என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துப் பார்த்துவிடுங்கள்.