பழைய நைலான் வலையைச் சேர்த்து விற்றால் கட்டுப்படியாகுமா?

நாகைக்கரை:
எங்கள் கரையில் கிழிந்த வலை மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இத்தாலியின் அக்வாஃபில் கம்பெனி இதே மாதிரி வலையை எக்கோனில் என்ற நூலாக்கி, அது நீச்சலுடையாகி நல்ல விலைக்குப் போகிறதாம். சரி, அப்படியென்றால் இங்கே காயலான் கடைக்காரர் ஈயக்குண்டை மட்டும் கேட்கிறார், வலையைத் தொடமாட்டேன் என்கிறாரே, ஏன்? நானும் மச்சானும் சேகரித்து அனுப்பலாமா என்று யோசிக்கிறோம்.

நூல்பட்டறை:
எல்லா வலையும் நைலான் கிடையாது. எக்கோனிலுக்கு வேண்டியது நைலான் 6 என்ற ரகம். ஸ்லோவேனியாவின் லுப்லியானா ஆலையில் 2011 முதல் அதை உடைத்து அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டமாக்கி, மறுபடி புது நைலானாகவே கட்டுகிறார்கள். விசைப்படகின் இழுவை மடி, அதாவது இழுத்துப் பிடிக்கும் வலை, பெரும்பாலும் பாலிஎத்திலீன், அது இதற்கு ஆகாது. ஒரு துண்டை மண் போக அலசி நல்ல தண்ணீரில் முக்கிப் பாருங்கள்: நைலான் மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும்.

லோடுவண்டி:
நான் ஒருதடவை இறங்கிப் பார்த்தேன். வண்டி முட்ட முட்ட ஏற்றியும் ஐந்து டன் வண்டியில் எடை இரண்டு டன்னைத் தொடவில்லை, வலை அவ்வளவு உப்பிக்கொண்டு நிற்கும், அப்புறம் வாங்கியவர் மண்ணுக்கும் சிப்பிக்கும் என்று ஒரு பங்கைக் கழித்தார், கயிறு அறுக்க ஆள்கூலி வேறு. டீசல் காசுதான் மிஞ்சியது. அமுக்கிக் கட்டும் பிரஸ் இல்லாமல் இறங்காதீர்கள்.

கரையோரம்:
நார்வேயில் சால்மன் பண்ணைக் கூண்டு வலை ஒரே இடத்தில், ஒரே ரகத்தில், டன் கணக்கில் கழிகிறது, அதைப் பிரிக்கும் வேலை குறைவு. நம்மூரில் வீட்டுக்கு அரை மூட்டை. இன்னொன்று, புது காப்ரோலாக்டம் பெட்ரோலியத்திலிருந்து வருவது, கச்சா எண்ணெய் இறங்கினால் பழைய வலைக்கு இருக்கும் மதிப்பும் இறங்கிவிடும். அப்போது கூடுதல் விலை கொடுத்து வாங்க ஒரு பெரிய பிராண்ட் வேண்டும். சிலியில் பழைய வலை சேகரிக்கும் பூரியோ கம்பெனி ஆரம்பத்தில் நூல் பக்கமே போகவில்லை, நைலான் வலையை உருக்கி ஸ்கேட்போர்டு பலகை வார்த்தார்கள். உருக்கி குருணையாக்குபவர் பக்கத்தில் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், இத்தாலியெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

நாகைக்கரை:
நன்றி அண்ணே. வாளியில் போட்டுப் பார்த்தேன். மச்சான் நைலான் என்று சத்தியம் பண்ணிக் கொண்டுவந்த மூட்டையில் பாதிக்கு மேல் மிதக்கிறது.